நாலரை மணிக்குச் சொல்லு மாமா

உரிமம் புதுப்பிக்க வேண்டிய வருடத்தில்தான் எங்கள் சேனலுக்குக் குழந்தைகள் மேல் அக்கறை வந்தது. வாரத்தில் இத்தனை மணி நேரம் சிறுவர்களுக்கான கல்வி நிகழ்ச்சி ஒளிபரப்பினீர்களா என்று ஆணையம் கேட்கும். அதுவரை நாங்கள் ஊருக்குக் கற்றுக்கொடுத்த கல்வி, இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கினால் தொப்பை கரைந்துவிடும் என்பது மட்டும்தான். ஆகவே அவசரமாகக் கூட்டம் போட்டார்கள்.

நிகழ்ச்சித் தலைவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பளிச். எதை எடுத்தாலும் ‘பளிச்னு இருக்கணும்’ என்பார். இரங்கல் செய்தியைக்கூட ஒருமுறை அப்படிக் கேட்டார். அவர் அறைச் சுவரில் பெரிய திரை ஒன்று உண்டு. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைக் காட்டும் கோடு அதில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பேசும்போது அவர் நம் முகத்தைப் பார்த்ததில்லை. நாடித் துடிப்பைப் பார்த்துக்கொண்டு கட்டிலருகே நிற்கும் சொந்தக்காரரைப் போல அந்தக் கோட்டையே பார்த்திருப்பார்.

“கிடங்குல பழசு நிறையக் கெடக்கில்ல? அதை எடுத்துப் போடுங்க. பேரு ‘பொக்கிஷ நேரம்’. பாக்கறவங்க கண்ணுல தண்ணி வரணும்.”

“குழந்தைங்க கண்ணுலயா சார்?” என்றேன்.

“குழந்தைங்க எங்க மேடம் பாக்கறாங்க? அப்பா அம்மா பாப்பாங்க. எங்க காலத்துலன்னு ஆரம்பிப்பாங்க. நமக்கு ஆணையத்துக்குக் காட்ட மணிக்கணக்கு ஆச்சு.”

அட்டவணை போடுவது என் வேலை. எந்த நிகழ்ச்சி எந்த நேரத்தில் என்று கட்டம் கட்டமாக அடைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது யோசித்துச் செய்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். யார் வீட்டில் எப்போது யார் விழித்திருப்பார்கள், எப்போது சமைப்பார்கள், எப்போது பிள்ளைகள் பையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்காருவார்கள் என்றெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். இப்போது அப்படி யாரும் செய்வதில்லை. விளம்பரம் போக மிஞ்சிய இடத்தில் எதையாவது திணிக்கிறோம், மெத்தைக்குள் பஞ்சு அடைப்பது போல.

கிடங்கிலிருந்து எடுத்தவற்றில் எழுத்து கற்றுத்தரும் பொம்மை நாய் ஒன்று இருந்தது. முதல் நாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போயிருந்ததால், அது எழுத்து வரிசையின் நடுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. “யாரு மேடம் கவனிக்கப் போறாங்க?” என்றார் பளிச். கணக்கு சொல்லித்தரும் சமையல்காரர் ஒருவர் இருந்தார். அப்புறம் ‘நீ சொல்லு’ இருந்தது.

‘நீ சொல்லு’ ரொம்ப எளிமையான நிகழ்ச்சி. கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு கத்தரிக்கோலையோ இலையையோ எடுத்துக் காட்டுவார். “இது என்ன? நீ சொல்லு,” என்பார். பிறகு பேசாமல் இருப்பார். இசை கிடையாது, மணிச் சத்தம் கிடையாது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தை யோசித்து, வாய் திறந்து, சொல்லி முடிக்கும்வரை அவர் முகம் திரையில் அப்படியே இருக்கும். கடைசியில் தலையை ஆட்டிவிட்டு, “சரியாச் சொன்னே!” என்பார். ஒரு தலைமுறைக்கே அவர் சொல்லு மாமா.

எனக்கு அவர் அப்பா. அவரால்தான் எனக்கு இங்கே வேலை கிடைத்தது என்று எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையும் அதுதான்.

சின்ன வயதில் எனக்குப் பேச்சு மெதுவாக வரும். திக்குவாய் இல்லை. சொல்ல வேண்டியது உள்ளே ஒன்று சேர்ந்து வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். வீட்டில் அப்பாவுக்கு அந்தக் கொஞ்ச நேரம் இருந்ததே இல்லை. நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவர் முடித்துவிடுவார். அதுவும் தப்பாக முடிப்பார். எனக்குக் காய்ச்சல் என்று சொல்ல வந்தால், பள்ளிக்கூடம் போக சோம்பேறித்தனம் என்று அவரே முடித்து, அதற்கு அவரே திட்டிவிட்டுப் போவார்.

ஆனால் மாலையில் அவரே டிவிக்குள் வந்து உட்கார்ந்து கேட்பார், காத்திருப்பார். திட்ட மாட்டார், கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். என் வார்த்தை வந்து சேரும்வரை அந்த முகம் எனக்காகவே இருக்கும். கத்தரிக்கோல் என்று சொல்லிவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் வேறு விஷயங்களையும் சொல்வேன். பக்கத்து பெஞ்சுப் பெண் என் ரப்பரை எடுத்துக்கொண்டதை அவரிடம் அப்படித்தான் சொன்னேன். சரியாச் சொன்னே என்றார். அப்பாவோடு நான் பேசியது அந்த இடைவெளிகளில்தான். வேறெங்கும் பேசிய நினைவில்லை.

அதனால் அந்த மௌனங்கள் ஒன்றுகூடக் குறையாமல், பிள்ளைகள் வீடு வந்து சேரும் நேரத்தில், இன்னொரு முறை ஒளிபரப்பாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இத்தனை வருட வேலையில் எனக்கென்று நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

பளிச் முதலில் விடியற்காலை ஐந்து மணி என்றார். 

“அஞ்சு மணிக்கு எந்தக் குழந்தை சார் முழிச்சிருக்கும்?”

“அதான் நல்லது. புகாரும் வராது.”

நான் வாதாடினேன். பள்ளி விடும் நேரம், வீட்டுப்பாடம் தொடங்கும் நேரம் என்றெல்லாம் விளக்கினேன். கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, பிஸ்கட் கம்பெனிக்கு நாலரை மணிதான் வேண்டுமாம் என்றாள். “பின்ன நாலரையே போட்டுடுங்க,” என்றார் பளிச், என்னமோ அதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் மாதிரி. நான் சொல்லி நடக்காதது பிஸ்கட் சொல்லி நடந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமுடிக்குச் சாயம் பூசுவதை விட்டு ஒரு வருடம் ஆகிறது. சாய டப்பா எங்கே என்றுதான் முதலில் கேட்டார்.

“நாலரையா? ஆறு மணின்னா பெரியவங்களும் பாப்பாங்களே.”

“இது குழந்தைங்களுக்கானதுப்பா. அதுவும் முழுசாப் போடணும்னு நான்தான்...”

“முழுசாத்தான் போடுவாங்க, பின்ன பாதியாவா போடுவாங்க? நீ ஒருத்தி. என்னை வெச்சுப் புதுசா ஒண்ணு எடுக்கலாம்னு உங்க ஆளுக்குத் தோணலியா? குரல் அப்படியேதானே இருக்கு?”

அம்மா சமையலறையிலிருந்து தலையை நீட்டி, “டீ வேணுமா?” என்றாள்.

“இப்பதானே குடிச்சேன், எத்தனை தடவை கேப்பே?”

“உங்களைக் கேக்கல. அவளைக் கேட்டேன்.”

அம்மா ‘நீ சொல்லு’வை ஒருநாளும் பார்த்ததில்லை. சின்ன வயதில் நான் கையைப் பிடித்து இழுத்தாலும் வர மாட்டாள். “வீட்டுல பாக்கறது போதாதா?” என்பாள். டிவிக்குள் இருப்பவர் வேறு மாதிரி, வந்து பாரேன் என்பேன். “அப்படின்னா அங்கயே இருக்கச் சொல்லு,” என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

அப்பா தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் போட்டார். எதிர்முனையில் இருந்தவர்களுக்கு ஹலோவுக்கு மேல் வாய்ப்புக் கிடைத்திருக்காது.

முதல் ஒளிபரப்பின்போது கட்டுப்பாட்டு அறையில் போய் உட்கார்ந்தேன். நிலைய இன்ஜினியர் எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். என்னை அக்கா என்பார், தலையில் எப்போதும் ஹெட்போன், ஒரு காதில் மட்டும். “உங்கப்பா ஷோ பாத்துதான்கா நான் வளர்ந்தேன்,” என்றார். இதை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. பட்டை விளம்பரம் முடிந்தது. பழைய பாட்டு ஓடியது. சுவரிலிருந்த எல்லாத் திரைகளிலும் அப்பா, இளமையாக, கட்டம் போட்ட சட்டையில் வந்தார். கத்தரிக்கோலை எடுத்தார்.

“இது என்ன? நீ சொல்லு.”

மௌனம் வந்தது. என் முதுகு நேரானது. அந்த முகம், தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதற்கும் அவசரமில்லாமல். நாற்பது வயதைத் தாண்டியவள் வாய்க்குள் கத்தரிக்கோல் என்று சொல்லத் தயாரானேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கேயோ ஒரு மணி அலறியது. அப்பா மறைந்து, நீல நிறத்தில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அட்டை வந்தது, கூடவே சோகமான ஒரு புல்லாங்குழல். சில நொடிகள் கழித்து அட்டை விலகியது.

“சரியாச் சொன்னே!” என்றார் அப்பா.

இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ, சத்தம் பாக்கற மிஷின்கா.”

அந்த இயந்திரத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். முன்பொரு தடவை எங்கள் சேனல் மதியம் முழுக்க ஒலியே இல்லாமல் ஓடியது. பளிச் உட்பட யாருமே கவனிக்கவில்லை. ஒரு பார்வையாளர்கூடப் புகார் செய்யவில்லை என்பதுதான் பெரிய அவமானம். அதற்குப் பிறகு இதை வாங்கிப் பொருத்தினார்கள். கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அதுவாகவே முடிவு செய்து அட்டையைப் போட்டுவிடும். ஒருவர் வேண்டுமென்றே பேசாமல் இருப்பார் என்று அதைச் செய்தவர்களுக்கும் தோன்றவில்லை, வாங்கியவர்களுக்கும் தோன்றவில்லை. டிவியில் அப்படி யாரும் இருந்து நாளாகிறது.

அன்றைக்கு அரை மணி நேரமும் அதுவே நடந்தது. அப்பா கேட்டார், நாங்கள் வருந்தினோம், அவர் பாராட்டினார். இலையைக் காட்டினார், வருந்தினோம். குடையைக் காட்டினார், வருந்தினோம். நிகழ்ச்சி முடியும் முன்பே என் போன் அடித்தது.

“எவன் அவன் என் மூஞ்சிய மறைக்கறது?”

“மறைக்கலப்பா, அது ஒரு மிஷின். அது என்னன்னா...”

“மிஷினாவது மண்ணாவது! பொறாமை. அந்தக் காலத்துலயே எனக்கு அங்க ஆகாதவங்க இருந்தாங்க.”

அந்தக் காலத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் பளிச் எங்களைக் கூப்பிட்டார். இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: “அந்த அரை மணிக்கு மட்டும் மிஷினை நிறுத்தி வெச்சுக்கலாம் சார். செட்டிங்ல ஒரு டிக்கை எடுத்தா போதும்.”

“நிறுத்தின நேரம் பாத்து நெஜமாவே சத்தம் போச்சுன்னா?”

“நான் அங்கதானே சார் உக்காந்திருப்பேன்.”

“நீங்க உக்காந்திருந்தப்பதானே அன்னிக்குப் போச்சு? அதனாலதானே மிஷினே வாங்கினோம்?” பளிச் கோட்டைப் பார்த்தார். “எதுக்கு இவ்வளவு? எடிட்டிங்ல குடுங்க. அந்த ஓட்டையெல்லாம் அடைச்சிடச் சொல்லுங்க. மிச்சமாகற இடத்துல பிஸ்கட் இன்னும் ரெண்டு போகும். ஷோவும் பளிச்னு ஆகிடும்.”

ஓட்டை என்றார். “சார், ஷோவே அந்த இடம்தான்,” என்றேன். “அப்பதான் குழந்தை பதில் சொல்லும்.”

“எந்தக் குழந்தை?”

நான் என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை உள்ளே எங்கேயோ புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. அது வருவதற்குள் அவருக்குப் போன் வந்து, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

ஆனாலும் ஒரு வழி இருந்தது. அந்தக் காலத்து ஒப்பந்தப்படி, நிகழ்ச்சியில் கை வைப்பதென்றால் நடத்தியவரின் சம்மதம் வேண்டும். சட்டப் பிரிவிலிருந்து அதைச் சொன்னபோது பளிச் பெருந்தன்மையாகக் கையை விரித்தார். அப்பாவின் முகத்தைப் போட்டு ஊரெங்கும் விளம்பரப் பலகை வைத்தாகிவிட்டது, இப்போது அவரோடு சண்டை ஆகாது.

“பெரியவர் வேண்டாம்னா வேண்டாம் மேடம். ஒரு வார்த்தை சொல்லட்டும். மிஷினை நிறுத்திட்டு அப்படியே போட்டுடலாம். வெட்டினதைக் காட்டிக் கேட்டுட்டு வாங்க.”

எனக்கு உள்ளே சிரிப்பு வந்தது. ‘கூடாது’ என்ற சொல்லோடு பிறந்தவர் அப்பா. நான் ஓவியம் படிக்கக் கூடாது, அம்மா அவள் அக்கா வீட்டில் தங்கக் கூடாது, கூடத்தில் இரண்டாவது திரைச்சீலை போடக் கூடாது. காரணமே இல்லாமல் வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் மறுத்த மனிதர், தன் நிகழ்ச்சியை வெட்டட்டுமா என்று கேட்டால் விடுவாரா? அவருடைய அந்தக் குணம் முதல்முறையாக எனக்குப் பயன்படப் போகிறது என்று நம்பினேன்.

எடிட்டிங் அறையில் வெட்டியதைப் போட்டுக் காட்டினார்கள். 

“இது என்ன? நீ சொல்லு. சரியாச் சொன்னே! இது என்ன? நீ சொல்லு. சரியாச் சொன்னே!”

மூச்சு விட இடமில்லை. கேள்வி விழுந்த இடத்திலேயே பாராட்டும் விழுந்தது. கத்தரிக்கோல் கைக்கு வருவதும் போவதும் கண்ணில் தங்கவில்லை. எடிட்டிங் செய்த பெண், “செம வேகம்ல?” என்று பெருமையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவரை எனக்குத் தெரியும். இவரோடுதான் நான் வளர்ந்தேன். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் இவர்தான். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே அவள் எங்கள் வீட்டை அப்படியே எடுத்திருந்தாள்.

அதை மடிக்கணினியில் போட்டு எடுத்துக்கொண்டு அன்று மாலையே வீட்டுக்குப் போனேன். அப்பா சாயம் பூசியிருந்தார், காதோரம் கொஞ்சம் வழிந்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எப்போது கோபம் வரும் என்று காத்திருந்தேன். புருவம் நெரிந்தது. பிறகு விரிந்தது. முட்டியில் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார்.

“அடடா!” என்றார். “இப்பதான் பாக்கற மாதிரி இருக்கு. இதை அன்னிக்கே செஞ்சிருக்கணும்.”

எனக்குப் புரியவில்லை. “அப்பா, நீங்க பேசாம இருப்பீங்களே, அந்த இடமெல்லாம் வெட்டிட்டாங்க.”

“தெரியுது, தெரியுது. அந்த இழவைத்தான் நான் அப்பவே வெட்டச் சொன்னேன். எங்க கேட்டா அந்த டைரக்டரம்மா? பைத்தியம் அது. கேமராவுக்குப் பக்கத்துல நின்னுகிட்டு கையை இப்படி மூடி வெச்சிருப்பா.” தன் கையை முகத்துக்கு நேரே உயர்த்தி இறுக மூடிக் காட்டினார். “விரிச்சாத்தான் நான் வாயைத் திறக்கலாம். மூடியிருக்கறவரைக்கும் மூச்! ஒருநாள் முன்னாடியே பேசிட்டேன்னு அத்தனை பேர் முன்னாடியும் மறுபடி முதல்ல இருந்து எடுக்க வெச்சா. எங்கயோ ஒரு குழந்தை யோசிச்சுகிட்டு இருக்குமாம். அதுக்கு நான் உக்காந்து முழிக்கணுமாம்.”

“அப்ப, அந்த நேரத்துல நீங்க என்ன நெனச்சுகிட்டு இருப்பீங்க?”

“என்னத்த நெனைக்கறது? இந்தப் பொம்பள எப்பக் கையை விரிப்பான்னு பாத்துகிட்டு இருப்பேன். முதுகு வேற வலிக்கும்.”

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வழக்கம்போல அது மெதுவாக வந்தது.

“அப்பா, நான் சின்ன வயசுல அந்த நேரத்துலதான் உங்ககிட்ட...”

“நீ எங்க பாத்தே? அந்நேரம் நீ தூங்கிட்டு இருப்பே.”

“இல்லப்பா. தினமும் பாத்தேன். நீங்க பேசாம இருக்கும்போது நான்...”

“பாத்திருப்பே, பாத்திருப்பே. எல்லாப் பிள்ளைங்களும்தான் பாத்துச்சு. போனைக் குடு, உங்க ஆளுக்குப் பேசணும்.”

கொடுத்தேன். பளிச்சிடம் அவர் அரை மணி நேரம் பேசினார். ரொம்பப் பிரமாதம் என்றார், இந்தக் காலத்துப் பிள்ளைங்கதான் கெட்டிக்காரங்க என்றார். சம்மதம் என்ற சொல்லைப் பலமுறை சொன்னார். தன் வாழ்நாளில் அவர் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்த வேறு விஷயம் எனக்குத் தெரியாது.

அன்று என் அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் ஒரு சின்ன இடத்தை மட்டும் ஒதுக்கி, அங்கே கறை படாமல் வைத்திருந்தேன். இவ்வளவு மோசமான மனிதருக்குள் காத்திருக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், வீட்டுக்கு வரும் வழியில் அவரை எங்கேயோ இறக்கிவிட்டு வருகிறார் என்று எனக்கு நானே ஒரு கதை வைத்திருந்தேன். அந்த ஆளை இவருக்குத் தெரியவே தெரியாது. எனக்காகக் காத்திருந்தது ஒரு பெண்ணின் மூடிய கை. அவள் பெயர் எனக்குத் தெரியாது. நிகழ்ச்சியின் கடைசியில் எல்லோர் பெயரும் ஓடும். அப்பாவின் பெயர் வந்ததும் நான் எழுந்து போய்விடுவேன்.

அந்த அம்மாள் எப்போதோ இறந்துவிட்டார் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எங்கோ ஒரு குழந்தை யோசித்துக்கொண்டிருக்கிறது என்று முகம் தெரியாமலே நம்பியவர். அந்த நம்பிக்கைக்கு அவர் பிடித்துப்போட்டிருந்த ஆளைப் பாருங்கள். மூடிய ஒரு கையைக் காட்டி அவரை அடக்கி வைத்திருந்திருக்கிறார். அம்மாவால் முடியாதது, என்னால் முடியாதது.

வெட்டியது நாலரைக்கு வந்த அன்று நான் வீட்டில் இருக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். விடுப்புப் போட்டேன். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டிவிக்கு எதிரே உட்கார்ந்தார். பழைய பாட்டு ஓடியது. அப்புறம் அந்த வேகம். கத்தரிக்கோல், இலை, குடை, பிஸ்கட். கேள்வி, பாராட்டு, கேள்வி, பாராட்டு, பிஸ்கட். இன்ஜினியரின் இயந்திரம் ஒருமுறைகூட அலறவில்லை. அதற்குக் குறை சொல்ல எதுவுமில்லை.

இத்தனை சத்தத்தில் என்னவோ ஏதோ என்று அம்மா ஈரக் கையோடு சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். முதல்முறையாக அந்த நிகழ்ச்சியைப் பார்த்தாள். திரையில் அப்பா கேட்டதும், கேட்ட வாயை மூடாமலே தானே பாராட்டிக்கொண்டதும், அடுத்ததற்குத் தாவியதும். அம்மாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பளிச் கேட்ட கண்ணீர் இது ஒன்றுதான் அவருக்குக் கிடைத்திருக்கும்.

“நீ சொன்னது இதானாடீ?” என்றாள். “நல்லாத்தான் எடுத்திருக்காங்க. அச்சு அசல்.”

“பாத்தியா!” என்று அப்பா என் பக்கம் திரும்பினார். “உங்கம்மா வாயாலயே வந்துடுச்சு.” அம்மா உள்ளே போனாள். பாத்திரங்களுக்கு நடுவிலிருந்து அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் அவர் ஒலியைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எப்படி இருந்துச்சு?”

நான் பதில் சொல்லவில்லை. வார்த்தை வராமல் இல்லை, இந்தத் தடவை உடனே வந்துவிட்டது. வேண்டுமென்றே அதை நிறுத்தி வைத்தேன். பாராட்டு வேண்டுமென்றால் காத்திருந்துதான் ஆக வேண்டும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. காத்திருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதடு பிரியாமல், என்னையே பார்த்தபடி. சின்ன வயதில் நான் மணிக்கணக்காகப் பேசிய அதே முகம், இவ்வளவு கிட்டத்தில், என் ஒருத்திக்காக. உற்றுப் பார்த்தேன். அதற்குள்ளே யாரும் இல்லை. தனக்கு வர வேண்டியது வரட்டும் என்று நிற்கும் ஒருவர் மட்டும் இருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் பஸ்ஸின் மேல் அன்பு வைத்திருப்பதாக நான்தான் நினைத்துவிட்டேன்.

நான் பேசவில்லை. அவர் விரல் நாற்காலிக் கைப்பிடியில் தட்டத் தொடங்கியது. தொண்டையைச் செருமினார். கடிகாரத்தைப் பார்த்தார். சாயம் வழிந்த காதோரத்தைச் சொறிந்துகொண்டார். பாவமாக இருக்கிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். இல்லை.

“இன்னும் கொஞ்சம் வெட்டலாம்பா,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தாடையைத் தடவிக்கொண்டு, ஒரு கலைஞனின் கவனத்தோடு அதை யோசித்தார். என் பேச்சில் ஒரு வாக்கியத்தை அவர் முழுதாகக் கேட்டு யோசித்தது அதுதான் முதல் தடவை.

“நானும் அதையேதான் நெனச்சேன்,” என்றார். “அந்தக் கேள்விதான் இழுக்குது. அது எதுக்கு? நேரா ‘சரியாச் சொன்னே’ன்னு வந்துடலாம். உங்க ஆளுக்குப் போன் போடு.”

பளிச்சின் எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுத்தேன்.